பஸ் சடையப்பனின் இரண்டு விளக்குகள்

வேப்பஞ்சேரியில் சடையப்பன் என்ற பேரில் மூன்று பேர் உண்டு. பால் ஊற்றுகிறவன் பால் சடையப்பன். எதற்கெடுத்தாலும் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு ஓடுகிறவர் கேஸ் சடையப்பன். மூன்றாவது ஆள்தான் நம்ம பஸ் சடையப்பன். பேரைக் கேட்டுவிட்டு டிரைவரா, கண்டக்டரா என்று வெளியூர்க்காரர்கள் விசாரிப்பார்கள். இரண்டும் இல்லை. கல்பாக்கம் ஆராய்ச்சி மையத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இட்லியும் சாம்பாரும் ஆக்கிப் போடுகிற கேன்டீனில் சமையல்காரன். பஸ் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவனிடம் இருந்தது ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள். அது எப்படி பஸ் ஆனது என்பதற்குத்தான் இந்தக் கதை. இன்றைக்கு ரோட்டில் கம்பத்துக்குக் கம்பம் விளக்கு எரிகிறது. தொண்ணூற்றாறில் அப்படியில்லை. திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் பனைமரமும் இருட்டும்தான்.

சடையப்பனிடம் ஒரு குணம் உண்டு. எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. ஒரு குடை வாங்கப் போனால் இரண்டோடு வருவான். விருந்தாளிக்குத் தோசை போட்டால் அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டால்தான் நிறுத்துவான். "எம் புள்ளைக்கு கை பெருசு, மனசு அத்த விடப் பெருசு, மூளைதான் கொஞ்சம் லேட்டா வரும்" என்று அவன் அம்மா சாரதாம்பாளே சொல்லுவாள். பெற்றவளே சொன்ன பிறகு நாம் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறோம்.

அவனுக்குக் கல்யாணமானது அந்தத் தொண்ணூற்றாறுக்கு முந்தின ஆவணியில். பெண் கருங்குழி. பேர் தமிழ்ச்செல்வி. தூரத்து முறைக்கு அவன் மாமன் ஆகவேண்டும் என்பதால் முதல் நாளிலிருந்தே "இன்னா மாமா"தான். வாய் கொஞ்சம் நீளம், மானம் அதைவிட நீளம். திருப்போரூரில் ஒரு துணிக்கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலோ அண்ணன், அண்ணி, தம்பி, அத்தை, பிள்ளைகள் என்று எந்நேரமும் சந்தைக்கடைதான். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்றால்கூட நடுவில் யாராவது ஒருவர் வந்து "உப்பு எங்க கீது?" என்பார்.

அதனால் அவர்கள் இருவருக்கும் பேச்சு என்றால் வண்டியில்தான். பொழுது சாயும் நேரத்தில் மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் ஒரு சுற்று, இல்லையென்றால் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்கு. பின்னால் உட்கார்ந்து அவன் தோளில் ஒரு கையை வைத்தாளானால் ஊர் எல்லை தாண்டும்போது பேச ஆரம்பிப்பாள். அண்ணி மாவில் தண்ணீர் ஊற்றியது, கடையில் ஒருத்தி அளவு ரவிக்கைக்குப் பதில் மாமியார் ரவிக்கையைக் கொண்டுவந்தது என்று சகலமும் அவன் வலது காதுக்குள் போகும். காற்றில் பாதி காதில் விழாது. விழுந்த பாதிக்கே அவன் சிரித்துச் சிரித்து வண்டியை ஆட்டுவான். உலகத்தில் அவனுக்குப் பிடித்த சத்தம் அதுதான்.

வண்டியில் ஒரே ஒரு குறை. கல்பாக்கத்தில் ரிட்டயராகி ஊருக்குப் போன ஒரு இன்ஜினியரிடம் வாங்கிய பழைய வண்டி. அதன் முன்விளக்கு ஆக்சிலேட்டரை முறுக்கினால் கண் விழிக்கும், விட்டால் தூங்கிவிடும். பள்ளம் வருகிறதே என்று வேகத்தைக் குறைத்தால், வெளிச்சம் வேண்டிய அந்த நேரத்தில்தான் இருட்டாகும். சடையப்பனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பழகின ரோடுதானே என்று இருந்துவிட்டான்.

தை மாதம் அறுப்பு முடிந்தது. நம்ம பக்கத்து வழக்கம் தெரியுமே, வைக்கோலைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் மிதித்து மிச்சமிருக்கும் நெல்லை உதிர்த்துக் கொடுக்கும். அன்றைக்கு விடியற்காலையில் சடையப்பனும் தன் வீட்டு வைக்கோலை ரோட்டில் பரப்பிவிட்டு வேலைக்குப் போனான். பொழுது சாய்வதற்குள் ஒதுக்கிக் குவித்துவிடு என்று தம்பியிடம் சொல்லியிருந்தான். தம்பியும் சொன்ன பேச்சைக் கேட்கிறவன், ரோட்டிலேயே குவித்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

அன்றைக்குத்தான் செல்வியின் சிநேகிதிக்குத் திருப்போரூரில் ரிசப்ஷன். செல்வி தன் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஊரைத் தாண்டினதும் ரோட்டில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. சடையப்பன் வேகத்தைக் குறைத்தான். விளக்கு தூங்கிவிட்டது. அவ்வளவுதான். தான் பரப்பிய வைக்கோல் போரிலேயே பெண்டாட்டியோடு போய் விழுந்தான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவனுக்கு மெத்தை போட்டுக் கொடுத்தது.

அடி ஒன்றுமில்லை. செல்வி எழுந்து நின்றாள். கொண்டையில் வைக்கோல், மூக்குத்தியில் வைக்கோல், பட்டுச் சேலை முந்தானையில் ஒரு இழை இழுத்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் இந்தப் பாவி விழுந்து விழுந்து சிரித்தான். சத்தம் கேட்டு ஊரே ஓடிவந்தது. அவன் சிரிப்பதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள்.

"சிரி மாமா, நல்லா சிரி" என்றாள் செல்வி. "உன் வண்டிக்கும் கண்ணு தெரியல, உனுக்கும் தெரியல. அதுக்கு கண்ணு வர்ற வரைக்கும் நான் இதுல குந்தினேன்னு வச்சுக்கோ, எம் பேரு தமிழ்ச்செல்வி இல்ல."

ஊர் முன்னால் சொன்ன சொல். மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள், பஸ்ஸில் வந்தாள். சமையலில் குறையில்லை, சோறு போடுவதில் குறையில்லை. பேச்சு மட்டும் நின்றது. வலது காது காலியாக வேலைக்குப் போய் காலியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். ஒரு வாரத்தில் மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கேன்டீனில் சாம்பாரில் பருப்பே போடாமல் இறக்கினான்.

சரி, கண் வாங்கிவிடுவோம் என்று செங்கல்பட்டுக்குப் போனான். அங்கே ஜி.எஸ்.டி. ரோட்டோரம் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற ஏசுபாதம் என்பவர் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே நாள் முழுக்கத் தேடுகிற மனுஷர்.

"அண்ணாத்த, இருக்கறதுலயே பெரிய பல்பு எதுவோ அத்த குடு" என்றான் சடையப்பன்.

"இன்னாத்துக்கு நைனா? மாமல்லபுரம் லைட் ஹவுஸுக்கா?"

"என் வண்டிக்கு."

"உன் வண்டி தாங்காது. ஒயரப் பாக்கணும், பேட்டரியப் பாக்கணும், அப்பாலதான் பல்பு. வண்டிய வுட்டுட்டுப் போ."

வண்டியை விட்டுவிட்டுப் போகப் பொறுமை ஏது? வேறொரு கடையில் லாரிக்குப் போடுகிற நூறு வாட்ஸ் பல்பு ஒன்றை வாங்கி, அவனே மாட்டினான். இரண்டு நாள் சாயங்காலம் ராஜா மாதிரி வந்தான். பனைமரத்து உச்சியில் தூங்கப் போன காக்காயெல்லாம் விடிந்துவிட்டதென்று எழுந்துகொண்டது. மூன்றாம் நாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, குடும்பம் மொத்தத்தையும் கூப்பிட்டு, செல்விக்கு நேராகத் திருப்பி சுவிட்சைப் போட்டான். பிள்ளைகள் கை தட்டின. தட்டி முடிக்கவில்லை, கருகின வாடை வந்தது. பல்பு மாட்டியிருந்த ஹோல்டர் உருகி ஒழுகியது. விளக்கு அணைந்தது. பதறிப்போய் ஹாரனை அமுக்கினான். அதுவும் கத்தவில்லை.

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இத்தினி நாளு கண்ணுதான் இல்ல. இப்ப வாயும் பூட்ச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுபடி ஏசுபாதத்திடம் வண்டியைத் தள்ளாத குறையாகக் கொண்டுபோனான். அவர் திட்டவில்லை, சிரித்தார். அது திட்டுவதைவிட மோசம்.

"நைனா, நீ இன்னா வேல பாக்குற? சமையலா? அம்பது பேருக்கு மாவு ஆட்டி வச்சிக்கினு நூறு பேர நாஸ்தாவுக்குக் கூப்டுவியா?"

"மாட்டேன்."

"அதேதான். உன் வண்டி குடுக்குற கரண்டு அம்பது பேரு மாவு. நீ நூறு பேரு பல்பக் கூப்ட்டுட்ட."

அது அவனுக்கு நறுக்கென்று புரிந்தது. வண்டியைப் பேசாமல் விட்டுவிட்டு வந்தான். ஏசுபாதம் முன்விளக்குக்குள் துருப்பிடித்துக் கிடந்த ரிஃப்ளெக்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார். அளவான ஹாலஜன் பல்பு, தடிமனான ஒயர், சுவிட்சு சூடாகிக் கருகாமல் இருக்க ஒரு ரிலே, கொஞ்சம் பெரிய பேட்டரி. அதோடு, கால் அடிபடாமலிருக்க முன்னால் மாட்டியிருக்கும் கார்டு கம்பியில் இரண்டு மஞ்சள் விளக்குகள்.

"வெள்ள லைட்டு தூரத்துக்கு. மஞ்ச லைட்டு கிட்டத்துல பள்ளம், மாடு, பனி, உன் வைக்கப்போரு இதுக்கெல்லாம். தரையப் பாத்து விழற மாதிரி வச்சிருக்கேன், எதுர்ல வர்றவன் கண்ணக் குத்தாது. ஆனா மூணும் ஒண்ணா எரிஞ்சா பேட்டரி தாங்காது. மஞ்சளப் போட்டா வெள்ள அணையும். செரியா?"

சரிதான். அத்தோடு விட்டிருந்தால் அவன் சடையப்பன் இல்லையே! மஞ்சள் விளக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அவனுக்குப் போதவில்லை. ரோட்டின் இந்த ஓரமும் தெரியவேண்டும், அந்த ஓரமும் தெரியவேண்டும் என்றான். வெல்டிங் கடையில் இரண்டு பக்கமும் குழாய் வைத்து நீட்டி, கொம்பு மாதிரி, விளக்குகளை அகலமாகத் தள்ளி மாட்ட வைத்தான். ஏசுபாதம் பார்த்துவிட்டு, "ஆண்டவரே, இவன நீதான் பாத்துக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

வெளிச்சம் பிரமாதம். ரோட்டில் உளுந்து சிந்தியிருந்தால் பொறுக்கலாம். அன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே மாமல்லபுரத்திலிருந்து வந்தான். வேப்பஞ்சேரி ரைஸ் மில் ஸ்டாப்பிங் வந்தது. அங்கே நின்றிருந்த கூட்டம் கூடையைத் தூக்கியது, மூட்டையைத் தூக்கியது, ஒரு பெரியவர் கையை நீட்டினார். பின்னால் ஏதோ வருகிறது போலிருக்கிறது என்று சடையப்பன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அவர்கள் நிறுத்தியது அவனைத்தான்.

மஞ்சளைப் போட்டால்தான் வெள்ளை அணைந்துவிடுமே. தூரத்திலிருந்து பார்த்தால் நடுவில் விளக்கு கிடையாது, அகலமாக இரண்டு மஞ்சள் கண். மாமல்லபுரத்திலிருந்து திருப்போரூர் போகிற பஸ்ஸும் அப்படித்தான் வரும். ரைஸ் மில் ஓடுகிற இரைச்சலில் வருவது பஸ்ஸா பைக்கா என்று சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே அந்த ஸ்டாப்பிங்கின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். முன்னொரு காலத்தில் ஒரு ஆள் கை காட்டி பஸ்ஸை நிறுத்தி, ஏறாமல், "மாமல்லபுரத்துல மழையா?" என்று கேட்டிருக்கிறான். டிரைவருக்கு வந்ததே கோபம், அதற்கப்புறம் வேப்பஞ்சேரியில் பஸ் நிற்கவே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் போய்க் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார்கள். கை காட்டினவன் ஏறியே ஆகணும். ஒரு ஸ்டாப்பிங்காவது போகணும். துண்டை உதறப் போய்க் கை காட்டின மாதிரி ஆகி, வேலையே இல்லாமல் பையனூர் வரைக்கும் போய்விட்டு நடந்து வந்தவர்கள்கூட உண்டு. அவ்வளவு கறாரான சட்டம்.

கை நீட்டின பெரியவர் சடையப்பனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "கை காட்டிட்டேன். ரூலு ரூலுதான்" என்று வேட்டியை மடித்துக்கட்டிப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் திருப்போரூர் வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

அன்றிலிருந்து இது வாடிக்கையானது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் யாராவது ஒருவர் தினமும் ஏமாந்து கை காட்டுவார், ஏறிக்கொள்வார். கொஞ்ச நாளில் ஏமாறாதவர்களும் வேண்டுமென்றே காட்ட ஆரம்பித்தார்கள். கோழிக் கூடையோடு ஒருத்தி ஏறினாள். மேளக்காரர் ஒருவர் மேளத்தோடு ஏறினார். அடுத்த வீட்டு சியாமளா பலாப்பழத்தை நடுவில் வைத்துக்கொண்டு போய்வந்தாள். பஸ் சடையப்பன் என்று பேர் வைத்ததும் அவள்தான். ஊரே ஏறி இறங்கியாகிவிட்டது. கட்டின பெண்டாட்டி மட்டும் ஏறவில்லை.

வண்டிக்குத்தான் கண் வந்துவிட்டதே என்றால், அதிலும் இவன் சொதப்பினான். மெதுவாக, தனியாக, "வா செல்வி" என்று கூப்பிட்டிருக்கலாம். அம்மா, அண்ணி எல்லோரும் இருக்கும்போது, "இன்னா, லைட்டு போட்டாச்சு, இப்பவாச்சும் ஏறுவியா மாட்டியா?" என்று கேட்டான். ஜெயித்தவன் மாதிரி.

"ஊரே பஸ்ஸுன்னு ஏமாறுது. நான் ஏமாற மாட்டேன். எது பஸ்ஸு, எது எம் புருசன்னு எனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு முறத்தில் அரிசியைப் புடைத்தாள். சாரதாம்பாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

இப்படியே சித்திரை போனது, ஆனி போனது. இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் ஆசைதான், அதில் சந்தேகமே இல்லை. இறங்கி வருவது யார் என்பதுதான் பேச்சு. சில நாள் அவள் ஸ்டாப்பிங்கில் நிற்பதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பான். அவள் கையைக் கட்டிக்கொண்டு பனைமரத்தைப் பார்ப்பாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். ஆம்பளை எங்கே அழுவது, ஆக்சிலேட்டரைத்தான் முறுக்கினான்.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருப்போரூரில் கூட்டம் நெரியும் நாள். சடையப்பன் வேலை முடித்து இருட்டும் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தான். மில் ஸ்டாப்பிங் பக்கத்தில் டீக்கடையை ஒட்டி ஒரு கும்பல் தெரிந்தது. அதிலிருந்து ஒரு கை நீண்டது. கண்ணாடி வளையல் போட்ட கை.

யாரோ ஏமாந்துவிட்டார்கள், சரி, கொண்டுபோய் விடுவோம் என்று கிட்டே வந்து நிறுத்தினான். மஞ்சள் வெளிச்சத்தில் செல்வி நின்றிருந்தாள். அந்தப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"செல்வி! நீயா?"

"பஸ்ஸுன்னு நெனச்சிக்கினேன்" என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் குபீரென்று சிரித்தார்கள். சியாமளா முன்னால் வந்தாள். "ஏண்டி, நீயுமா ஏமாந்த? கை காட்டிட்ட இல்ல? ஏறு. ஊரு ரூலு!"

"ஏறணும், ஏறணும்!" என்று டீக்கடையே கத்தியது. மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சிரித்தார்கள்.

"ஊரு ரூலாச்சே. இன்னா பண்றது, என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே செல்வி பின்னால் உட்கார்ந்தாள். தோளில் கை விழுந்தது. சடையப்பனுக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்றே மறந்துவிட்டது. இரண்டு தடவை வண்டி அணைந்த பிறகுதான் கிளம்பியது. அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

ஊர் எல்லை வரைக்கும் அவள் பேசவில்லை. வைக்கோல் போர் இருந்த இடத்தைத் தாண்டினார்கள். ரோடு துடைத்து வைத்த மாதிரி தெளிவாகத் தெரிந்தது.

"ரோட்டுல எறும்பு போனாகூட தெரியும்போல கீதே மாமா" என்றாள்.

"எறும்பு ஆணா பொண்ணானுகூட தெரியும்."

"ஆங், போதும் போதும்." பிறகு தொடங்கினாள் பாருங்கள்! தையிலிருந்து ஆடி வரைக்கும் அடைத்து வைத்த பேச்சு. அண்ணி சீட்டுப் பிடித்தது, கடையில் மெஷின் ஊசி உடைந்தது, அத்தை குறட்டை, மேளக்காரர் பெண்ணுக்கு வரன் பார்ப்பது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வலது காதுக்குள் கொட்டியது. அவன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான். "மாட்டு வண்டியா ஓட்ற?" என்று அவள் முதுகில் ஒரு குத்து வைத்தாள். அந்தக் குத்துக்கு அவன் சொத்தை எழுதி வைத்திருப்பான். ஆலத்தூர் தாண்டும்போது கண் ஏன் கலங்குகிறது என்று கேட்டாள். பூச்சி விழுந்துவிட்டது என்றான்.

திருப்போரூரில் காவடிக் கூட்டத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினான். எதிரே வேப்பஞ்சேரி வழியாக வருகிற பஸ் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கேசவன் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். செல்வியைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"இன்னாம்மா, வந்து சேந்துட்டியா? உங்க ஸ்டாப்பிங்ல அத்தினி தபா கூப்ட்டேன், ஏறவே மாட்டேன்னுட்டியே!"

சடையப்பன் அவனைப் பார்த்தான். "எப்ப கூப்ட்ட?"

"தோ, முக்கா மணி முந்தி. உங்க ஊரு ஜனமெல்லாம் ஏறிச்சு. இது மட்டும் சியாமளாம்மாவோட நின்னுகினு இருந்துச்சு. ஏறலியாம்மான்னா, எனுக்குப் பின்னால ஒரு பஸ்ஸு வருது, அதுல வரேன்னுச்சு. பின்னால ஏது பஸ்ஸு அண்ணாத்த? இந்நேரத்துக்கு என்னுது ஒண்ணுதான்."

சடையப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கூட்ட நெரிசலில் பஸ்ஸில் தொங்கப் போகிறவள் கல்யாணப் பட்டையா கட்டுவாள்? டீக்கடையில் அத்தனை பேர் சிரித்தது யாரைப் பார்த்து? அம்மா சொன்னது சரிதான், மூளை லேட்டாகத்தான் வந்தது. மெதுவாகத் திரும்பினான்.

செல்வி முந்தானையில் இழுத்திருந்த அந்த இழையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கி வைக்கோல்ல வியுந்தப்போ என்னப் பாத்து ஊரே சிரிச்சிதே, நீதான ஆரம்பிச்ச? இன்னிக்கி உன்னப் பாத்து ஊரே சிரிச்சிது. செரியாப் பூட்ச்சி மாமா."

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினான். ஆறு மாதப் பாடம் சும்மாவா?

"இப்ப சிரிக்கட்டுமா?" என்று கேட்டான்.

செல்வி கொஞ்சம் யோசிப்பது போல் நின்றாள். "சிரி" என்று சொல்லிவிட்டு அவனுக்கு முன்னால் அவளே சிரித்தாள்.